மீதி

கணக்கை மூட வந்திருக்கிறோம், மூன்று பேர்.
பினாங்கு, ஜெலுத்தோங் சாலை, டயர்க் கடைக்கு மேல்மாடியில்
ஒன்பது வருடம் நடத்திய டியூஷன் சென்டருக்கு
பாஸ்புக்கில் எஞ்சியது
ஆயிரத்து நாற்பத்தேழு வெள்ளி இருபத்தொன்பது சென்.

ஆங்கிலம் எடுத்த ராயப்பன் வாசலோர நாற்காலியில்.
மலாய் எடுத்த வேதநாயகி தண்ணீர் இயந்திரத்தின் பக்கம்.
நடுவில் நான், கணக்கு.
மார்ச்சிலிருந்து எங்கள் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்,
அதுவும் பில்களின் படங்கள்.

டோக்கன் 2088. திரையில் 2051.

டோக்கனின் முதுகில் சென்னாக மாற்றி எழுதினேன்:
104729.
இலக்கங்களைக் கூட்டினால் இருபத்துமூன்று.
மூன்று பங்கு வராது, இரண்டு சென் மிஞ்சும்.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கை கேட்கவில்லை.
ஏழில் மீதி இரண்டு. பதினொன்றில் ஒன்பது.
பதின்மூன்று பிடித்தே விட்டது,
ஒரு சென்னில் நழுவியது. பத்தொன்பதும் அப்படியே.
டோக்கன் தீர்ந்து, பணம் கட்டும் படிவங்களின் பின்பக்கம் போனேன்.
தட்ட வேண்டிய கதவுகள் அறுபத்தாறு.
கடைசிக் கதவு முந்நூற்றுப் பதினேழு:
மீதி நூற்றுப் பத்தொன்பது.

பகா எண்.
பகைக்கும் பகாவுக்கும் நடுவே ஓர் உயிர்க்குறிதான்.

போனில் தேடினால் இன்னொன்று:
இரண்டு, மூன்று, ஐந்து என்று பகா எண்கள் வரிசையில் நின்றால்
இது சரியாகப் பத்தாயிரமாவது ஆள்.
எவ்வளவு நேரம் காத்திருந்ததோ.

நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற பகா எண்
இரண்டு வர்க்கங்களாகப் பிரியும், ஒரே ஒரு விதமாக.
முதல் முயற்சியிலேயே அகப்பட்டது:
323-இன் வர்க்கம், 20-இன் வர்க்கம்.
ஒரு பெரிய சதுரத் திடல்,
அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம்.
இருவர் என்றால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்,
ஒருவர் அழுதுகொண்டே.
நாங்கள் மூவர்.

மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.
அந்த இரண்டு சென்னுக்காகவாவது
யாரேனும் வாய் திறந்தாக வேண்டுமே.

2088.

ரோஸ் நிறத் தூடோங் அணிந்த பெண் திரையைப் பார்த்தாள்.
ஒரு சென் காசு இப்போது புழக்கத்தில் இல்லை,
அருகிலுள்ள ஐந்துக்குக் கொண்டுபோவோம் என்றாள்.
ஆயிரத்து நாற்பத்தேழு வெள்ளி முப்பது.

அவ்வளவுதான்.
அறுபத்தாறு கதவிலும் அசையாதது
ஒரு சென் இனாமுக்கு மூன்றாகப் பிளந்தது:
ஆளுக்கு முந்நூற்று நாற்பத்தொன்பது வெள்ளி பத்து சென்,
மிச்சம் மீதி இல்லை.

ராயப்பன் இருமுறை எண்ணினார்.
"கணக்கு சரியாத்தான் வருது, டீச்சர்."
மார்ச்சுக்குப் பிறகு முதல் வாக்கியம்.
வேதநாயகி கைப்பையின் ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் சிக்கியது.
உதவலாமா என்று யோசிப்பதற்குள் சரியாகிவிட்டது.

வெளியே வெயில். மூன்று பேரும் மூன்று பக்கம்.
ஒவ்வொரு பையிலும்
யாருடையதும் அல்லாத
மூன்றில் ஒரு சென்.