வரி

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி இரண்டாவது வளைவில்
வாய் பிளந்து நிற்கும் சிமெண்டுத் திமிங்கலம்தான் நுழைவாயில்.
இந்தக் கோடையில் அதற்கு மேல்தாடை இல்லை.
பராமரிப்புப் பணி.
கம்பி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது
மீன் தின்று முடித்த தட்டுபோல.

ஒன்பது சறுக்கில் எட்டுக்குப் பச்சைத் துணி போர்த்தியாயிற்று.
மிச்சம் ஒன்று, மஞ்சள்.
அதன் அடியில் நான், கழுத்தில் விசிலோடு.
டிக்கெட் விலை மட்டும் பழைய விலை.
ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல
என்னிடம் ஒரு பதிலும் கொடுத்தனுப்பவில்லை.

பெயிண்டர் சசீந்திரன் தமிழிலும் தானே எழுதினான்:
தயவுசெய்து வரியில் நிற்கவும்.
அவன் பேச்சில் வரி என்றால் வரிசை.
நெகமத்திலிருந்து வேனோடு வந்தவர் சத்தமாகப் படித்தார்.
"டிக்கெட்லயே வரி புடிச்சுட்டீங்களேங்க,
இன்னும் எந்த வரீல நிக்கச் சொல்றீங்க?"
சிரிப்பு கடைசி ஆள்வரை போய்த் திரும்பியது.
சசீந்திரன் மறுநாள் தூரிகையோடு வந்தான்,
ஒரு 'சை' சேர்க்க.
இடமில்லை.
இருக்கட்டும் என்றேன்.

பச்சைத் துணியில் முதல் நாள் ஒரு விரல் ஓட்டை.
ஞாயிற்றுக்கிழமைக்குள் முட்டி நுழையும்.
முழங்கால் உயரத்தில் சில, தோள் உயரத்தில் சில.
உள்ளே ஒன்றுமில்லை.
பிஜய் நாயக் வெல்டிங் வைக்கிறான், அவ்வளவுதான்.
பார்க்காதீர்கள், கண் போய்விடும் என்று
இரண்டு பாஷையில் கத்திப் பார்த்துவிட்டேன்.
இரண்டிலும் பார்த்தார்கள்.

எல்லோருக்கும் முன்னால் ஒரு தம்பி நிற்கிறான்.
"தம்பி நிக்கறான், வழி விடுங்க."
நெகமத்துக்காரர் காலையிலிருந்து நான்கு தம்பிகளைக் கண்டுபிடித்தார்.
ஒவ்வொரு தம்பியும் வேறு வேறு ஜாடை.
விசில் ஊதினால்
என்னைப் பார்க்காமல் விசிலைப் பார்க்கிறார்.
நான் மட்டும் என்ன,
ஆறு பத்து உக்கடம் பஸ்ஸில்
ஜன்னல் வழியாகக் கைக்குட்டை எறிந்து இடம் பிடிப்பவள்.

இரண்டு மணி வெயில்.
ரப்பர் விரிப்பு அடுப்புக்கல்லாகக் காய்ந்தது.
இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி
தன் இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
துணியின் நிழலுக்கு ஓடினாள், குதிகாலிலேயே.
அடுத்தவள் பார்த்தாள்.
அடுத்தவனும்.
பத்து நிமிடத்தில்
இரண்டு இரும்புக் கம்பிக்கு நடுவே
நாற்பது ஜோடி, ஆளில்லாமல்.
நீல ஹவாய். குதிகால் தேய்ந்த தோல்.
மிதித்தால் கீச்சிடும் குட்டிச் செருப்பு.
வார் அறுந்து ஊக்கு குத்தியது ஒன்று.

இரண்டு பேர் மேலே ஏறினால்
நிழலிலிருந்து யாராவது ஒருவர் வந்து
காலால் எல்லாவற்றையும் முன்னே தள்ளிவிட்டுப் போனார்கள்.
யாருடையது என்று பார்க்காமல்.
ஊக்குச் செருப்பை மட்டும் ஒரு பையன் குனிந்து
கையால் எடுத்து வைத்தான்.

நெகமத்துக்காரர் ஐந்தாவது தம்பியைத் தேடி வந்தார்.
நின்றார்.
செருப்புகளைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார்.
முன்னால் நிற்கும் செருப்பிடம்
தம்பி என்று சொல்ல வரவில்லையோ என்னவோ,
கடைசியில் போய்த் தன்னுடையதைக் கழற்றினார்.
ஜோடி கோணலாக விழுந்தது. நேராக்கினார்.

சூப்பர்வைசர் இப்ராகிம்குட்டி வந்து "ஆளு எவிடே?" என்றார்.
துணிப் பக்கம் கை காட்டினேன்.
இது சட்டத்தில் இல்லை என்றார்.
பிறகு அவரும் நிழலில் போய் நின்று
ஓட்டை ஒன்றில் கண்ணை வைத்தார்.

மாலை கணக்கு முடித்தபோது ஒன்று மிஞ்சியது.
ஊக்கு குத்திய அதே ஒற்றை.
மற்றதைப் போட்டுக்கொண்டு யார் எந்த எல்லையைத் தாண்டினார்களோ.
எடுத்து வைக்க நினைத்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் ஒன்பதரைக்குக் கேட் திறந்தார்கள்.
வரியில் முதலாவதாக அது நின்றது.
ஓடி வந்தவர்கள்
அதற்குப் பின்னால் நின்றார்கள்.

கொஞ்ச நேரம்.