கிருதா வைத்த தளபதி

சனிக்கிழமை இரவு, பதினொன்றேகால்.
சுங்கை டுவா மாமாக் கடையில்
மின்விசிறிக்கு நேர் கீழே எங்கள் மேசை.
பந்தாட்டம் தொடங்க இன்னும் நேரமிருந்தது.
அதுவரைக்கும்
அமெரிக்கத் தளபதிகளை வரிசையில் நிறுத்தித்
தோலை உரித்துக்கொண்டிருந்தோம்.
யார் ஆக மோசம்?

சற்குணன் கேட்ஸைக் கொண்டுவந்தான்.
கேம்டனில் படை சிதறியதும்
நல்ல குதிரையாய்ப் பார்த்து ஏறி
அன்றைக்கே அறுபது மைல்.
"சாப்பாட்டுக்குக்கூட நிக்கல."
சற்குணன் லாரி ஓட்டுகிறவன்,
எதையும் தூரம் வைத்துத்தான் அளப்பான்.

தேவசகாயம் ஃப்ரெடெண்டாலை விடவில்லை.
துனீசியாவில் சண்டை ஒரு பக்கம்,
எழுபது மைல் பின்னால்
பாறையைக் குடைந்து
தனக்கு அறை கட்டிக்கொண்ட ஆள்.
"எங்க மேனேஜர் பரவால்ல,
மூணாவது மாடியிலதான் ஒளியிறாரு."

பொட்டலம் எல்லாம் விற்றுத் தீர்த்து
நாசி லெமாக் வண்டியைப் பூட்டிவிட்டு
யோகமலர் வந்து உட்கார்ந்தாள்.
அவள் ஓட்டு மெக்லெல்லனுக்கு.
எதிரியை ஒன்றுக்கு இரண்டாய் எண்ணியே
காலத்தை ஓட்டினவன்.
"தாலி கட்ட வந்துட்டு
வாசல்ல செருப்பு தேடுற மாப்பிள்ளை."
பக்கத்து மேசைக்காரனும் சிரித்தான்.

பிணத்தை எண்ணி வெற்றி எழுதின
வெஸ்ட்மோர்லண்டும் வந்து போனார்.
கடைசியில் எல்லாரும் பர்ன்சைடிடம் நின்றார்கள்.

சற்குணன் மேசையிலேயே போர்க்களம் போட்டான்.
சிந்திய பருப்புக் குழம்பு ஆறு.
பிய்த்துப் போட்ட ரொட்டி சானாய் சிப்பாய்கள்.
சீனி டப்பாவும் நாலு கிளாசும் கல்சுவர்.
படகு வரும்வரை ஆற்றங்கரையில் காத்திருந்து,
எதிரி மேட்டில் வசதியாய் உட்கார்ந்த பிறகு
ஏறு என்றான்.
விழுந்தார்கள்.
மறுபடியும் ஏறு என்றான்.
இருட்டுகிற வரைக்கும் அதே சொல்.
ஒருத்தன் கைகூட அந்தச் சுவரைத் தொடவில்லை.

"பெரிய கிருதா வச்சிருந்தானே, அவனா?"
"அவனேதான்.
வெள்ளைக்காரன் கிருதாவுக்கே
அவன் பேரைத் திருப்பிப் போட்டு வச்சிட்டான்."

நான் ஏன் வாயைத் திறந்தேனோ.
பதவி வேண்டாம், எனக்குத் தகுதியில்லை என்று
இரண்டு தடவை மறுத்தவன்யா அவன், என்றேன்.
தோற்ற பிறகு
குற்றம் என்னுடையதுதான் என்று
கைப்பட எழுதிக் கொடுத்தவன்.

"எழுதிக் கொடுத்தா
செத்தவன் எழுந்து வருவானா?"
தேவசகாயம் தேயை ஊதிக் குடித்தான்.

தொண்ணூற்றெட்டு, பாயான் லெப்பாஸ்.
ஒலிபெருக்கியை எவரும் என்னிடம் நீட்டவில்லை.
நானாகக் கேட்டு வாங்கினேன்.
ஒரு வாரம் தாங்குங்கள்,
அவர்களே இறங்கி வருவார்கள் என்றேன்.
முதல் நாள் முழங்கினோம்.
இரண்டாம் நாள் மழை.
அப்போதே கலைத்திருக்கலாம்.
நில்லுங்கள் என்றேன்.
மூன்றாம் நாள் காலையில் கம்பிக் கதவின் ஊடே
நாற்பத்து மூன்று கடிதங்கள்
ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லி நீட்டப்பட்டன.

எனக்குக் கடிதம் இல்லை.
பாலம் தாண்டிப் பிறையில் மாற்றல்,
சம்பளம் குறையாமல்.
ஏன் என்று எவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

பதினோராவது பெயர் யோகமலர்.

"சரி, கை தூக்குங்க,
பர்ன்சைடுதான் ஆக மோசம்னு சொல்றவங்க."
இரண்டு கை எழுந்தது.
என் கை கிளாசைப் பிடித்திருந்தது.

யோகமலர் கை தூக்கவில்லை.
சுவருக்கு ஒரு விரற்கடை கீழே கிடந்த
கடைசிச் சிப்பாயை எடுத்தாள்,
ஆற்றில் தோய்த்தாள்,
தின்றாள்.
"ஆறிப்போச்சு" என்றாள்.

பந்தாட்டம் தொடங்கியது,
எல்லாரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள்.
பையன் ஈரத்துணியோடு வந்து
ஆறு, மேடு, சுவர் எல்லாவற்றையும்
ஒரே இழுப்பில் துடைத்தான்.

கணக்கு இருபத்தாறு வெள்ளி நாற்பது காசு.
நான் கொடுத்தேன்.
எப்போதும் தன் பங்கை எண்ணி வைக்கிறவள்
இன்றைக்குப் பையைத் திறக்கவில்லை.