அறுபது ஓம்

பாடி மேம்பாலத்துக்குக் கீழே
டில்லிபாபுவின் டாக்சி வந்து நிற்கிறது,
எல்லா விளக்கும் எரிந்துகொண்டு.
ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக்,
பெயர் தெரியாத ஒரு மஞ்சள்.
"கத்திப்பாரா ஏறச்சொல்லோ வருதுக்கா,
எறங்கச்சொல்லோ பூடுது."

மூன்று கடை பார்த்தாயிற்று.
பேட்டரி புதுசு.
ஏபிஎஸ் பெட்டி, புதுப்பேட்டையில், பதினான்காயிரம்.
பழைய பெட்டி டிக்கியில்
கிழிந்த பனியனில் சுற்றிக் கிடக்கிறது
குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல்.

ஸ்கேனருக்கு ஒரே வரிதான் தெரியும்:
ஏபிஎஸ்ஸிடமிருந்து பேச்சில்லை.
பேசவில்லையா,
பேசியது வந்து சேரவில்லையா,
அதை அது சொல்லாது.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு
ஆறாம் பின்னிலும் பதினாலாம் பின்னிலும்
மீட்டர் முனைகளை வைக்கிறேன்.
கோட்டின் இந்தக் கடைசியில் நூற்றிருபது,
அந்தக் கடைசியில் நூற்றிருபது,
இரண்டும் இருந்தால் அறுபது.
சேரச் சேரக் குறையும் கணக்கு.
பாலிடெக்னிக்கில் நம்பாமல் மனப்பாடம் செய்தேன்.

அறுபது காட்டுகிறது.
கதவை அறைந்தேன், அறுபது.
ஜெர்சன் பம்பரில் ஏறிக் குதித்தான்,
அறுபது.
டீ வந்தது, ஆறியது.
வண்டிக்கு ஒன்றுமில்லை,
டில்லிபாபுவுக்குத்தான் ஏதோ.

"நீங்களே உக்காருங்க.
தினம் எப்டி உக்காருவீங்களோ அப்டி."
உட்கார்ந்தார்.
பிரேக்கில் காலை வைத்தார்.
நூற்றிருபது.
எடுத்தார்.
அறுபது.

குதிகால் அழுந்தும் இடத்தில்
கம்பளத்தைத் தூக்கினேன்.
போன டிசம்பரின் வேளச்சேரி
இன்னும் காயாமல் இருந்தது அங்கே.
முறுக்கிய இரண்டு கம்பியில் ஒன்று
உறைக்குள்ளேயே பச்சை பூத்து
ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டு.

இரண்டு அங்குலம் வெட்டி எடுத்தேன்.
புதுக்கம்பி, ஈயம், ரப்பர் உறை.
மறக்காமல் மறுபடி முறுக்கினேன்.
தனித்தனியாக நீட்டி விட்டால்
ஊர் இரைச்சலெல்லாம் ஏறும்.
முறுக்கிக் கிடந்தால்
இரண்டிலும் ஒரே அளவு விழும்,
கழித்துக்கொள்ளலாம்.

"எவ்ளோக்கா?"
"எண்ணூறு."
"ரெண்டு இஞ்ச் ஒயருக்கா?"
சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.
டிக்கியைத் திறந்து
அந்தப் பழைய பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கி
சட்டைப்பையில்
லைசென்ஸுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.
முதல் கடைக்காரனிடம் காட்ட வேண்டுமாம்.

சிக்னல் வரைக்கும் பார்த்தேன்.
சிவப்பு விழுந்தது.
பிரேக் விளக்கு மட்டும் எரிந்தது.