ஹெல்மெட் கழட்டினவன்

இரவுக் காட்சி விட்டு
ஐந்து சந்திக் கொத்துக் கடைக்கு வந்து குந்தியபோது
அந்தக் கப்பலில் இருந்த பதினொரு பேரும்
செத்து இருபது நிமிசம்.
நாங்கள் அவர்களை இன்னொருமுறை கொல்லத் தொடங்கினோம்.

றெக்சன்தான் முதலில்.
"தெரியாமத்தான் கேக்கிறன்,
நாப்பது ஒளியாண்டு பறந்து வந்தவன்,
பேருக்கு முன்னால கலாநிதி வேற,
இறங்கி ஆறாவது நிமிசம்
ஹெல்மெட்டைக் கழட்டுவானோ?
எங்கட வீட்டு ஆடும்
புது வேலியெண்டா ஒருக்கா மணந்து பாக்குமடா."

(அவனுடைய ஹெல்மெட்
வெளியே மோட்டார்சைக்கிள் கண்ணாடியில்
காட்சிக்குப் போகும்போதும் அங்கேதான் தொங்கியது.)

கஜீபனுக்குப் பூட்டிய கதவு பொறுக்கவில்லை.
"அங்கால என்னவோ பிறாண்டுது.
இவ போய் நிண்டு 'ஆரது?' எண்டுறா.
ஆரெண்டு நினைச்சவ,
தபால்காரனெண்டோ?"

தட்டில் இரும்பு விழுந்து விழுந்து எழும்பியது.
அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்த வேண்டியிருந்தது.
கத்தியதால் எல்லாம் இன்னும் சரியாகப் பட்டது.

நான் எழுதினவனைப் பிடித்தேன்.
கதை ஓடாத இடத்தில்
யாரோ ஒருவனின் மூளையைக் கழற்றிவிட்டு
அந்த ஓட்டையால் கதையைத் தள்ளுகிறான் என்றேன்.
இடைவேளையிலிருந்து வாய்க்குள் வைத்திருந்த வசனம்.
பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

நிலுஜா சோடாப் போத்தலின் லேபிளை
நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.
முகமாலையில் மிதிவெடி எடுக்கிறவள்.
சனிக்கிழமைகளில் மட்டும் எங்களோடு படம் பார்க்கிறவள்.

"நான் கழட்டினனான்," என்றாள்.

என்னத்தை?

"கண்ணாடியை. நெத்திக்கு மேல தூக்கினன்.
நாலு கிலோ அங்கி, முட்டுக்கால்ல நிக்கிறன்,
மத்தியானம் பதினொண்டு இருக்கும்.
மூக்கு நுனியில ஒரு துளி வேர்வை.
விழாது. போகாது.
கண்ணாடி முழுக்கப் புகார் பிடிச்சுக் கிடக்கு.
விதி எனக்குத் தெரியும்.
புதுசா வாற பிள்ளையளுக்கு
அந்த விதியைப் படிப்பிக்கிறதே நான்தான்.
ரெண்டு செக்கன்.
அப்பிடி ஒரு காத்து
பிறகு எனக்குக் கிடைக்கேல்ல.
விசில் அடிச்சு மறிச்சவை.
மூண்டு நாள் வேலையால நிப்பாட்டினவை."

கொத்து வந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை.

றெக்சன் மெல்ல,
"அப்ப, படம் சரியெண்டுறியோ?"

"ஆர் சொன்னது? படு பிழை.
கழட்டினது பிழையில்ல,
அவனுக்கு வேர்க்கேல்ல, அதுதான் பிழை.
கழட்டினாப் பிறகு மூஞ்சியைப் பாத்தனியே?
பவுடர் போட்ட மாதிரி.
ஒரு துளி,
ஒரேயொரு துளி காட்டியிருந்தா
நானும் அவனோட சேர்ந்து கழட்டியிருப்பன்.
பதினொரு பேரில
ஒருத்தரிட்டையும் விசில் இல்ல.
மற்றவனைப் பாத்துக்கொண்டு நிக்கிற வேலை
ஒருத்தருக்கும் குடுக்கேல்ல.
உதை எழுதினவன் வெய்யிலில நிண்டிருக்க மாட்டான்."

என் வசனம் ஆறிப்போய்க் கிடந்தது,
கொத்தைப் போலவே.
பக்கத்து மேசைக்காரர்
இப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கலாநிதியை நினைத்தேன்.
படத்தில் அவன் எதற்குக் கழற்றினான்?
வானத்தைப் பார்த்துச் சிரிக்க.
அதற்குத்தான் கழற்ற வைத்திருந்தார்கள்.

"சரி விடு,
அந்த றோபோ?" என்றான் கஜீபன்,
எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பிழையான பொத்தானை அமத்தின றோபோவுக்கு
நான் பரிந்து பேசினேன்.
பழுதாகியிருக்கலாம், பாவம், தூசி போயிருக்கலாம் என்று
போன் திருத்துகிறவன் சொல்லக்கூடிய எல்லாம் சொன்னேன்.
நிலுஜா இரக்கமே காட்டவில்லை.
முட்டுக்கால் நோகாது, வேர்க்காது,
பிறகென்ன கேட்டுக்கு
அது மடையனாக இருக்கவேணும் என்றாள்,
குழம்பை எல்லாம் தன் பக்கம் ஊற்றிக்கொண்டு.

பன்னிரண்டரைக்கு பில் வந்தது.
நாங்கள் கூட்டிப் பார்த்தோம்.
நாலு பேர்,
நாலு தொகை.