வெள்ளையாக விட்ட இடம்

செருப்புப் பெட்டிதான்.
உள்ளே செய்தித்தாளில் சுருட்டி
முந்நூற்றுப் பதினோரு செடிகள்.
ஸ்பிரிங்பொக் காவல் நிலையத்தில்
திருட்டு செல்போன்களோடும்
ஒரு சைக்கிள் டயரோடும்
சாட்சிப் பொருளாகக் கிடந்தன.

ஆப்ரம் லிங்க்ஸ் ஒன்றை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
சட்டைப் பித்தான் அளவு.
ஒட்டிப் பிறந்த இரண்டு இலைகள்,
நடுவே ஒரு கீறல்.
கால்விரல் என்பார்கள் எங்கள் பக்கம்.
எனக்கென்னவோ வாயாகத் தெரிந்தது,
கேட்டாலும் சொல்லாத வாய்.

"வரை, டிரீகா.
வழக்குக்கு ஒன்று, ஏலத்துக்கு ஒன்று.
ஏலப் பணம் ஜீப்புக்கு டீசல்."

வரைந்தேன்.
பூதக்கண்ணாடியும்
நாலு மயிர் மிஞ்சிய தூரிகையும்.
பச்சை என்று எளிதாகச் சொல்லிவிடலாம்,
வெயில் தின்று மீத்த பச்சை அது.
மேலே ஊதாப் புள்ளிகள் ஐம்பத்து நான்கு.
எண்ணித்தான் வைத்தேன்.
ஐம்பத்தைந்து வைத்தால்
அது எங்கும் முளைக்காத செடி.

வேருக்கு வந்ததும் கை நின்றது.
பாதியில் அறுந்திருந்தது.
அறுந்ததை அறுந்தபடியே வரைந்தேன்,
நீதிபதி பார்க்கட்டும் என்று.

அப்புறம் நிறுத்திக்கொண்டேன்.
செடிக்குக் கீழே எதுவும் இல்லை.
கல் இல்லை, மண் இல்லை, நிழல் இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன்
இதே இனத்தை மலையிலேயே உட்கார்ந்து வரைந்தேன்.
தனியாக இருக்கிறதே என்று
பக்கத்தில் மூன்று வெள்ளைக் கற்கள் வைத்தேன்.
ஒன்றில் துருநிறத்தில் ஓர் ஓட்டம்.
இடுக்கில் செம்மண்,
சரிவு எந்தத் திசை என்று காட்டிக்கொடுக்கும் நிழல்.
கேப்டவுன் கண்காட்சியில்
"மண்ணை முகர முடிகிறது" என்றார்கள்.
நெஞ்சு நிமிர்ந்து நின்றேன்.
ஒருவர் மட்டும் பேசவில்லை.
வெகுநேரம் பார்த்தார்.
இருபது ராண்டுக்கு அதன் அஞ்சலட்டையை வாங்கிப் போனார்.

குளிர்காலத்தில் ஆப்ரம் கூட்டிப்போய்க் காட்டினார்.
பல் பிடுங்கிய ஈறு போல
சரிவு முழுக்கக் குழி.
குழியோரம் கரண்டி கீறிய தடம்.
அந்த மூன்று கற்கள்
வைத்தது வைத்தபடி இருந்தன.

"உன் படத்தால்தான் என்று யார் சொன்னது?" என்றார் ஆப்ரம்.
யாருமே சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
மறுத்தாவது பார்த்திருப்பேன்.

அன்றிலிருந்து தாளை வெள்ளையாக விடுகிறேன்.
தாவரப் படங்களின் மரபு என்று
பார்ப்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.
மரபும்தான்.
ஆனால் அந்த வெள்ளைக்குள்
ஒரு காய்ந்த ஆறு இருக்கிறது,
பூட்டு மாற்றிய இரண்டு வாயிற்கதவுகள்,
ஜீப்பிலேயே தூங்கும் ஆப்ரம்,
பெயர் தெரிந்தும்
நான் உச்சரிக்காத ஒரு மலை.
இலைக்கு ஒரு வாரம் பிடிக்கும் எனக்கு.
இந்த வெள்ளைக்கு ஏழு வருஷம்.

ஏலத்தில் நல்ல விலை.
பதினோரு வாரத்து டீசல், இரண்டு டயர்.
வாங்கியவர் டர்பனில் பல் மருத்துவர், நல்ல மனிதர்.
கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"எங்கே வளர்கிறது இது?
ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்."
"தாளில்" என்றேன்.
சிரித்தார்.
நானும் சிரித்து வைத்தேன்.

அந்த முந்நூற்றுப் பதினொன்றில்
நாற்பது அழுகிப்போயின.
மிச்சம் நாற்றங்கால் தட்டுகளில்.
எந்தச் சரிவிலிருந்து பிடுங்கியது என்று
பிடிபட்டவனுக்கும் தெரியவில்லையாம்.
திருப்பி நட இடமில்லை.
ஊர்ப்பெயர் எழுதும் சீட்டில்
வழக்கு எண் எழுதியிருக்கிறது.

நேற்று ராத்திரி டார்ச்சோடு போனேன்.
ஒன்றே ஒன்று பூத்திருந்தது,
மஞ்சள், என் சுண்டுவிரல் நகம் அளவு.
கீழே ஆற்றுமணலும் பிளாஸ்டிக் தட்டும்.
என் படத்தைப் போலவே
அதற்கும் பின்னால் ஒன்றுமில்லை.
நான் மறைத்து வைத்தேன்.
அது இழந்து நிற்கிறது.
டார்ச் வெளிச்சத்தில்
இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தன.

வியாழக்கிழமை இன்னொரு பெட்டி வருகிறதாம்.
கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
மஞ்சள் தீர்ந்துவிட்டது,
வாங்க வேண்டும்.