ஏழாம் எண் வாளி

மேசைக்கு ஒரு உடல்.
உடலுக்கு ஒரு வாளி.
செப்டம்பரில் எண் ஒட்டுவேன், இரண்டிலும் ஒரே எண்,
மாறக்கூடாது.
இருபத்தாறு வருடமாக, தார்த்து நகரின் இந்தக் கூடத்தில்
என் வேலையில் பாதி அதுதான்.

'சுத்தம் செய்க' என்கிறது கையேடு.
தசை தெரிய வேண்டும், நரம்பு தெரிய வேண்டும்,
படத்தில் உள்ளதுபோல் சிவப்பும் மஞ்சளும்.
மாணவர்கள் சுரண்டுகிறார்கள்.
நனைந்த பஞ்சு, கிழிந்த வலை,
சில இடங்களில் கூடாரத் துணிபோல் தடித்து
கத்திக்குக் கிறீச்சிடுவது,
எல்லாம் வாளிக்கு.
படத்தில் அதற்கு நிறம் கிடையாது.
"பார்சல் காகிதம்" என்றான் ராய்ட்.
நான் மறுக்கவில்லை. அன்று எனக்கும் அப்படித்தான்.

கெர்த்து மட்டும் சுரண்டவில்லை.
ஏழாம் மேசை, வலது தொடை.
தோலை எடுத்தாள்,
கொழுப்பைத் துகள் துகளாக எடுத்தாள்,
அதற்கடியில் வந்த வெள்ளை உறையை
அப்படியே விட்டுவிட்டாள், மூன்று வாரம்.
கேட்ட நரம்பைக் காட்ட முடியாமல்
தேர்வில் ஆறு மதிப்பெண் போயிற்று.

எல்லோரும் போனபின் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன்.
இழைகள் ஒரு பக்கம் சாய்ந்து ஓடின,
அவற்றின் மேல் இன்னொரு சாய்வில் வேறு இழைகள்.
எங்கே இழுவை அதிகமோ அங்கே தடிப்பு.
எண்பத்தொரு வருடம் எப்படி நின்றோம், நடந்தோம் என்று
ஒருவர் தானே அறியாமல்
எழுதி வைத்த கணக்கு.
இடது தொடையோடு ஒப்பிட வழியில்லை.
அது வாளியில்.

இடுக்கியால் முழங்காலருகே பிடித்து இழுத்தேன்.
இடுப்பு விளிம்பில் ஒரு மடிப்பு அசைந்தது.
முதுகு வரை போனதா, தோள் வரை போனதா?
தெரியவில்லை. மருந்தேற்றிய உடல், விறைத்தது.
போனது என்று சொல்ல ஆசை.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமாம்.
தசை எங்கே தனியாக ஆடுகிறது?
பக்கத்துத் தசையையும் கூட்டிக்கொண்டு போக உறை வேண்டும்,
உறைக்கும் உறைக்கும் நடுவே
வழுக்கிவிட ஒரு ஈரம் வேண்டும்.
அசைந்தால் ஈரம். அசையாவிட்டால் பசை.
ஒட்டுக்கும் உறவுக்கும் நடுவே அவ்வளவுதான் இடம்.

எமயோகி ஆறு உறைந்த வாரம்
என் இடது தோளும் உறைந்தது.
மூட்டைச் சுற்றிய பை தடித்துவிட்டதாம்.
ஒரு வருடம், இரண்டுகூட ஆகலாம் என்றார் மருத்துவர்,
பனியைப் பற்றிப் பேசுவதுபோல.
மேலங்கிக்குள் கை நுழைக்கச்
சுவரோடு மல்லுக்கட்டினேன்.
உள்ளாடைக் கொக்கியை முன்னால் மாட்டிப்
பின்னால் திருப்பக் கற்றேன்.
இத்தனை வருடம் வாளிக்குப் போனது
என்ன வேலை பார்த்தது என்று
தலை சீவும்போதெல்லாம் தெரிந்தது.

ஏப்ரலில் எடை போட்டேன். விதி கேட்கவில்லை, சும்மா.
ஏழாம் எண் வாளி: நாலு கிலோ முந்நூறு.
கொழுப்பும் கலந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன்.
ஆனாலும் அவர் மூளை, இதயம், ஈரல்
மூன்றையும் எதிர்த்தட்டில் வைத்தபோது
தராசு வாளிப் பக்கம்தான் சாய்ந்தது.

மே மாதம். பல்கலைக்கழகத்துக்கென ஒதுக்கிய கல்லறை மண்.
பிர்ச் மரங்களில் இலை
எலிக்காது அளவுக்கு வந்திருந்தது.
மகள் லேம்பி வால்காவிலிருந்து பேருந்தில் வந்திருந்தாள்.
"எல்லாம் இருக்கிறதா?" என்று கேட்டாள்.
கேட்டுவிட்டு வெட்கப்பட்டாள்.
"எதையும் விடவில்லை" என்றேன்.
ஒவ்வொரு மே மாதமும் சொல்வதுதான்.
இந்த முறை அதன் எடை
கிராம் வரை தெரியும்.

அணைத்துக்கொள்ளக் கை நீட்டினாள்.
என் இடது கை இடுப்புக்கு மேல் எழவில்லை.
ஏனென்று கேட்காமல்
அவள் கொஞ்சம் குனிந்து
உள்ளே வந்தாள்.