மூன்று சொல்

நல்லைநாயகம் அண்ணைக்குச் சிங்களம் வந்தது
அநுராதபுரத்துப் பேக்கரியில்.
பதினாறு வயதில் அங்கே மா பிசைந்தவர்.
மல்லாவிக்குத் திரும்பி வந்து
இருபது வருசம் அதை ஒருவருக்கும் காட்டவில்லை.
காட்டக்கூடிய காலமும் இல்லை அது.
அப்போது அவர் சங்கக்கடை மனேச்சர்,
மண்ணெண்ணெய்க் கூப்பனில் ஒப்பம் இடுபவர்,
கூட்டங்களில் மாலையை எடுத்துக் கொடுப்பவர்.
போடுபவர் வேறு ஆள்.

செட்டிகுளத்தில் தண்ணீர்ப் பவுசருக்கு முன்னால்
வாளி வரிசை குழம்பிய காலை
ஒரு லெப்டினன்ட் கத்தினான்.
என்னவென்று ஒருவருக்கும் விளங்கவில்லை.
இவர் கையை உயர்த்தினார்.

அவ்வளவுதான்.
துவக்குமில்லை, வாக்குப் பெட்டியுமில்லை.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
பவுசரின் மிதிபலகையில் ஏறிய ஒரு மனிதன்.
எங்களைவிட ஒன்றரை அடி உயரம்.
பிறகு அவர் இறங்கவேயில்லை.

நான் தம்பியைப் பற்றிக் கேட்டேன்.
வட்டுவாகலில் நீலச் சேட்டோடு ஏற்றிய பஸ்,
அதன் இலக்கம், அவனுடைய இழுப்பு மருந்து,
அம்மா சோறு தொடாதது:
பத்து வசனம் இருக்கும், பன்னிரண்டும் இருக்கும்.
அண்ணை தலையாட்டிக் கேட்டார்.
அதிகாரியிடம் மூன்று சொல் சொன்னார்.
அதிகாரி சிரித்தார்.
அந்தச் சிரிப்பை நான்
நல்ல சேதி என்று நினைத்தேன்.

கூடாரக் கணக்கு அவர் கொப்பிக்குப் போனது.
பிறகு தகரம். பிறகு வீட்டுத்திட்டம்,
ஆருக்குக் கிணறு,
எந்த ஆற்று மணலில் ஆருடைய டிப்பர்.
கொழும்பில் ஆட்சி கவிழ்ந்தது.
கந்தோரில் சுவர்ப்படம் மாற்றினார்கள்.
ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.
புதிதாக வந்தவர்களுக்கும்
எங்களைச் சுருக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்தானே.

கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில்
மூன்று வருசம் கொலர் தைத்தேன்.
சுப்பர்வைசரின் ஏச்சில் இருந்து மொழி பிடிபட்டது.
ஒருநாள் ஊசி முறிந்து விரலில் ஏறியது.
அவள் ஓடிவந்து கேட்க
பக்கத்து மெசின்காரி எனக்காகச் சொன்னாள்:
"ப்ரஷ்னயக் நே, மிஸ்."

இரத்தம் துணியில் இறங்கிக்கொண்டிருந்தது.
ஒன்பது வருசம் காதில் வெறும் சத்தமாகக் கிடந்தது
அன்றுதான் சொல்லாக எழும்பியது.
பிரச்சினை இல்லை, சேர்.

போன கிழமை வீட்டுக்கு வந்தார், தவிசாளர்.
பெண்கள் ஒதுக்கீடாம், பட்டியலில் ஒரு இடமாம்.
"உமக்குப் பாஷையும் வரும்தானே, பிள்ளை."
தேத்தண்ணி கொடுத்தேன்.
படிவத்தை வைத்துவிட்டுப் போனார்,
பேனையையும்.

இண்டைக்கு அது நாலாக மடிந்து
என் கைப்பைக்குள்.
துணுக்காய்ச் செயலகத்தில் எனக்கு முன்னால் ஒருத்தி,
யானை இடித்த வீட்டைச் சொல்கிறாள்.
சுவரில் தொடங்கி, விதைநெல்லுக்குப் போய்,
புருசனின் முறிந்த காலுக்கு வந்து,
திரும்பவும் சுவருக்கு.
புது அதிகாரி என்னைப் பார்க்கிறார்.
ஒன்பதாம் வசனத்தில்
என் நாக்கு நுனியில்
மூன்று சொல் தானாக வந்து நிற்கிறது.

"இன்னொருக்கா சொல்லும்," என்கிறேன் அவளிடம்,
"முதலில் இருந்து."

அதிகாரி மணிக்கூட்டைப் பார்க்கிறார்.